கிடைத்தது என்று சொல்ல வா

பஸ்கர் கிராமம்
11 ஜனவரி 2009

என் வாயான சவ்சனுக்கு,

நம் சாமி நைரங்கின் சட்டைக்கை உன் தலைக்கு மேல் இருக்கட்டும். நானும் மகளும் நலம். மாடும் நலம். என் வீட்டுக்காரர் ஷோதி வழக்கம்போல ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. திட்டுவதானால் திட்டிவிட்டு மேலே படி.

உன் விலாசத்தை ஜீப் ஓட்டும் யோர்பெக்கிடம் வாங்கினேன். துஷன்பேயில் பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் நீ இருப்பதாகச் சொன்னான். "அந்தக்கா ரெண்டு கையையும் ஒரே நீளத்துக்குத்தான் தைக்கிறாங்க. அவங்க போட்டிருக்கிற சட்டையும் அப்படித்தான் இருக்கு" என்றான். நம் ஊரில் பிறந்தவள் வலது கையை நான்கு விரல் நீளமாக விடாமல் சட்டை போடுவாளா? அன்று முழுக்க எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் நிகோருக்குப் பதினெட்டு ஆகிறது. இந்த வசந்தத்தில் ஆப்ரிகாட் பூக்கும்போது வாய் சேர்க்கும் சடங்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. தனக்காகக் கேட்கிறவள் குரல் நைரங்கின் காதில் விழாது, ஒருத்திக்கு இன்னொருத்தி வாயாக நின்றுதான் கேட்க வேண்டும் என்பதால், நிகோரும் பக்கத்து வீட்டு ஓயிமோவும் எட்டு வயதிலேயே ஜோடி பேசிவைத்துவிட்டார்கள். நாம் பேசிவைத்த மாதிரியே.

போன வாரம் பூசாரி கதம்ஷோ வந்தார். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீரை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "தவ்லத்மோ, உன் மக நைரங் பாறையில கை வைக்க முடியாதும்மா. அவ ஒரு வேண்டுதல்ல பொறந்தவ. அந்த வேண்டுதல் இன்னும் மூடல. யாருக்காகக் கேட்டதோ அவ வந்து 'கிடைத்தது'ன்னு சொல்லணும். அவ சொல்லாமலே ஊரை விட்டுப் போயிட்டா."

அவள் என்றது உன்னைத்தான். உன் வேண்டுதல் திறந்தே கிடப்பதால் என் மகள் ஊரில் அரை ஆள். யாருக்கும் வாயாக முடியாது. அவளுக்கும் யாரும் வாயாக முடியாது. ஓயிமோவை வேறு ஒருத்தியோடு சேர்த்துவிடுவார்கள். நம் ஜோடியும் அடைபட்டுத்தான் கிடக்கிறது. என் முழங்கால் வலிக்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் இருக்கிறேன்.

ஒரே ஒரு நாள் வா. பாறையில் கையை வை. அந்த ஒரு சொல்லைச் சொல். போ.

பழையதை மனதில் வைத்திருந்தால் மறுபடியும் சொல்கிறேன். பாறையில் உனக்காகக் கேட்டபோது நான் உன் பெயரைச் சொன்னேன். அன்று அடித்த காற்றில் ஆட்டுக்குட்டியே பறந்திருக்கும். பெயரைக் காற்று கொண்டுபோனால் நான் என்ன செய்ய?

உன் வாய்,
தவ்லத்மோ


துஷன்பே
2 பிப்ரவரி 2009

தவ்லத்மோவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம்.

என்னை வாய் என்று எழுதாதே. என் வாய் என் முகத்தில்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியதை நானே கேட்டுக்கொள்கிறேன். போன மாதம்கூட மேற்பார்வையாளரிடம் தையல் இயந்திரம் மாற்றித் தரச் சொல்லி நானே கேட்டேன், அவர் காதில் விழுந்தது, மாற்றிக் கொடுத்தார். நைரங்கைவிட அவர் மேல்.

நீ எழுதியதைப் படித்ததும் பழைய எரிச்சல் எல்லாம் திரும்ப வந்தது. பஞ்ச வருஷத்தில் பனியை மாவாக்கியவன் என்கிறோம். சட்டைக்கைக்குள்ளிருந்து ஆற்றையே இழுத்துப் போட்டவன் என்கிறோம். அப்படிப்பட்ட மாயக்காரனுக்கு, யார் கேட்கிறார்கள், யாருக்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாதா? தபால் ஆபீஸ் மாதிரி மேலே பெயர் இருந்தால்தான் பார்சலைச் சரியான வீட்டில் போடுவானா? பெயர் இல்லையென்றால் கொண்டுவந்தவள் மடியிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவானா?

போட்டுவிட்டுத்தான் போனான். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று கேட்கத்தான் உன்னை அனுப்பினேன். ஒன்பதே மாதத்தில் நீ பெற்றாய்.

"கிடைத்தது" என்று சொல்லச் சொல்கிறாயே, எனக்கு என்ன கிடைத்தது? மூன்று வருஷம் கழித்து என் புருஷன் மிர்சோ வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அதைச் சொல்லட்டுமா? பாறைக்குள் கையை விட்டுப் பொய் சொல்ல நான் இரண்டு நாள் ஜீப்பில் குலுங்கி வர வேண்டுமா?

உன் மகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் சொல், பாறை இல்லாமலும் ஆட்கள் வாழ்கிறார்கள் என்று.

சவ்சன்


பஸ்கர்
20 பிப்ரவரி 2009

என் வாயான சவ்சனுக்கு,

எழுதாதே என்றாலும் எழுதுவேன். இந்த உறவைப் பிரிக்க உனக்கோ எனக்கோ அதிகாரம் இல்லை. சாகும் வரைக்கும் நீதான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நைரங் இல்லை என்கிறாய். சரி, இல்லை. அப்படியானால் நான் உன்னிடமிருந்து எதைத் திருடினேன்? அவன் இல்லையென்றால் எனக்குப் பிள்ளை பிறந்தது என் வயிற்றின் சமாச்சாரம். கடவுளை விட்டுவிட்டாய், கோபத்தை மட்டும் பத்திரமாகப் பட்டணத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்.

நீ கேட்டதைக் கதம்ஷோவிடமும் கேட்டேன். நானாகக் கேட்பது போலத்தான் கேட்டேன், உன் பெயரைச் சொல்லவில்லை. தாடியைச் சொறிந்துகொண்டே சொன்னார். "அவனுக்கு வித்தை எல்லாம் தெரியும். முகம்தான் தெரியாது. நமக்கு ஆட்டு மந்தையில ஆடு எல்லாம் ஒண்ணாத் தெரியலையா? அவனுக்கு நாம அப்படி. அதனாலதான் பேர் சத்தமா, வேண்டுதல் மெதுவா." உனக்கு இது போதுமோ போதாதோ, எனக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

அவள் வரவே வேண்டாம், தொலைபேசியில் சொல்ல வைக்கிறேன், தொலைபேசி இருக்கிற கோரோக் டவுன் வரைக்கும் பாறையையா தூக்கிக்கொண்டு போக முடியும், நீங்கள் போய்க் காதில் வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் கெஞ்சிப் பார்த்தேன். "குரல் பாறையில படணும்மா" என்று எழுந்து போய்விட்டார்.

நிகோர் வீட்டில் என்னைப் பிய்த்து எடுக்கிறாள். "அம்மா, யாரு அந்த சவ்சன்? எனக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். என் பழைய தோழி, கொஞ்சம் மறதிக்காரி, ஒரு சொல்லைச் சொல்ல மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்றேன். "ஒரு சொல்லைச் சொல்ல மறந்தவங்க பத்தொன்பது வருஷமா ஞாபகம் வராமலா இருக்காங்க? நீங்க என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?" என்கிறாள். ஓயிமோ தினமும் வந்து வாசலில் நின்று "என்ன ஆச்சு அத்தை" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இருவரும் சடங்குக்கென்று ஒரே துணியில் சட்டை தைத்துவைத்திருக்கிறார்கள், வலது கையில் சிவப்பு நூல் வேலை. நிகோர் தன்னுடையதை எடுத்துப் பார்த்து மடித்து வைக்கிறாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு நான் பெயரைச் சொல்லும்போது சரியாகக் கதம்ஷோ இருமினார். அவருக்கு அந்த இருமல் இன்னும் இருக்கிறது. மூன்றடி தள்ளி நின்று தன் இருமலைத் தானே கேட்டுவிட்டு, பெயர் கேட்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னால் பழி எனக்கா?

உன் வாய்,
தவ்லத்மோ


துஷன்பே
5 மார்ச் 2009

தவ்லத்மோவுக்கு,

முதல் கடிதத்தில் காற்று. இரண்டாவதில் இருமல். அடுத்ததில் என்ன, நிலநடுக்கமா?

என் பக்கத்தை நீ ஒரு நாளும் கேட்டதில்லை, இப்போது கேள். அன்று நான் வழக்கப்படி ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீ மேலே ஏறிப் பாறைப் பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டாய். வேண்டுதல் எனக்குக் கேட்காது என்று தெரியும், பெயர் கேட்கும். எல்லோருக்கும் கேட்கும். நம் கூட்டுப்பண்ணை பிரிகேட் தலைவர் கூட்டத்தில் நைரங் மூடநம்பிக்கை என்று பேசிவிட்டு, மாலையில் வந்து தன் ஜோடிக்காகக் கையை விட்டுக் கத்திய பெயர் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டதே. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் பெயர் வரவில்லை. ஓடை இரைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். காற்று எங்கே அடித்தது? உன் முக்காடுகூட அசையவில்லை.

என் காதை நம்பாமல் உன்னை நம்பினேன். நீ இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். "சொல்லிட்டேன்டி, உனக்குக் கண்டிப்பா பொறக்கும்" என்றாய். உன் கை ஐஸ்கட்டியாக இருந்தது. நான்தான் அதைத் தேய்த்துச் சூடாக்கினேன்.

நான்கு மாதம் கழித்து மாவு அரைக்கும் இடத்தில் உன் வயிற்றைப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீயும் என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு மாவுப் பையைத் தூக்கி வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டாய். நீ மட்டும் அன்று அந்தப் பையைத் தூக்காமல் இருந்திருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆகவே ஒரு நிபந்தனை. வருகிறேனா இல்லையா என்பதை அப்புறம் பார்ப்போம். என் பெயரை மறந்தாயா, விழுங்கினாயா? அதை மட்டும் எழுது. வேறு எதையும் எழுதாதே. மாட்டின் நலம்கூட வேண்டாம்.

சவ்சன்


பஸ்கர்
17 மார்ச் 2009

சவ்சனுக்கு,

என்ன உண்மை வேண்டும் உனக்கு? பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு நிமிஷத்தை யார் இப்படிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? பயம். குளிர். பொந்துக்குள் கையை விட்டதும் நாக்கு மரத்துப்போனது. பெயர் வாயிலிருந்து வெளியே வந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. போதுமா?

ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கை நடுவில் நிற்கிறது, நீ விசாரணை நடத்துகிறாய். அவள் உனக்கு என்ன செய்தாள்? பூக்க இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. கீழ்த் தோட்டத்தில் மொட்டு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒவ்வொரு மொட்டையும் கிள்ளிப் போடலாம் போல இருக்கிறது.

யோர்பெக்கிடம் ஒரு பை காய்ந்த மல்பெரி கொடுத்தனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பழைய மரத்துப் பழம்தான். அந்த மரத்தை நான்தான் இவ்வளவு நாளும் உலுக்கிக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். இதையும் திருட்டு என்று சொல்லிவிடாதே.

தவ்லத்மோ


துஷன்பே
25 மார்ச் 2009

தவ்லத்மோவுக்கு,

இது மூன்றாவது காரணம்.

மல்பெரி கிடைத்தது. உன்னிடமிருந்து வந்தவற்றில் கிடைத்தது என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

சவ்சன்


பஸ்கர்
2 ஏப்ரல் 2009

சவ்சன்,

விழுங்கினேன்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்து போய், மாட்டுக்குத் தண்ணீர் வைத்து, ரொட்டி சுட்டு, திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மறுபடியும் காற்று அடிக்க ஆரம்பித்துவிடும்.

உனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை. எனக்கும் ஏழு வருஷம். நீ அழுதாய். ஊரே உன்னோடு அழுதது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். "எனக்கெதுக்குடி பிள்ளை, நிம்மதியா காலை நீட்டித் தூங்குறேன்" என்று சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ நம்பினாய். எல்லோரும் நம்பினார்கள். ஷோதிகூட நம்பினார்.

எனக்குப் பிள்ளை வேண்டுமென்றால் எனக்காகக் கேட்க வேண்டியவள் யார்? நீ. அழுது அழுது கண் வீங்கிக் கிடக்கிற உன்னிடம் வந்து, எனக்கு ஒரு பிள்ளை கேளடி என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? வேறு யாரிடமும் சொல்லவும் வழியில்லை. ஏழு வருஷம் தொண்டையிலேயே வைத்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் நீ வந்து, "நாளைக்குப் பாறைக்குப் போலாம்டி, எனக்காகக் கேளு" என்றாய். சந்தோஷமாகச் சரி என்றேன். சந்தோஷம் பொய் இல்லை. உனக்காகக் கேட்கத்தான் ஏறினேன்.

கையை உள்ளே விட்டேன். முதலில் பெயர். வாயைத் திறந்தேன். உன் பெயரின் முதல் எழுத்து உதட்டுக்கு வந்துவிட்டது. அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டேன். பிறகு நீ சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் மாறாமல் சொன்னேன். "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு பிள்ளை." என் பெயரையும் நான் சொல்லவில்லை, சவ்சன். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் நான் திருடவில்லை, சும்மா விட்டுவிட்டேன், அவனாகப் பார்த்துக் கொடுத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு முகம் தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் இல்லாவிட்டால் பொந்துக்குள் இருக்கிற கைக்குத்தான் கொடுப்பான் என்பதும் தெரியும்.

அந்த மாவுப் பையை ஏன் தூக்கினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு வலிக்கும் என்று இல்லை. நீ கண்ணால் பார்த்தால் திருப்பி எடுத்துக்கொண்டுவிடுவாயோ என்று பயந்தேன்.

இதுவரை எழுதியதை முந்தாநாளே நிகோருக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும், "அப்ப நான் அவங்களுக்கு வந்த பார்சலா?" என்று கேட்டாள். உன் முதல் கடிதத்தை எங்கேயோ எடுத்துப் படித்திருக்கிறாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இதற்கு மேல் வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. உண்மை கேட்டாய், எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ வராவிட்டால் நியாயம்தான்.

தவ்லத்மோ


துஷன்பே
12 ஏப்ரல் 2009

தவ்லத்மோ,

உன் கடிதத்தைத் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஒரு பையனின் சட்டைக்கு இரண்டு வலது கை தைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் திட்டினார்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. கோபம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. நீ விழுங்கியது என் காதுக்கு அன்றைக்கே தெரியும். நீ மாவுப் பையைத் தூக்கியபோது எனக்கும் தெரிந்துவிட்டது. அதற்கு நான் அழவில்லை. ஏழு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எனக்கு வேண்டாம் வேண்டாம் என்று சிரித்தாயே, அதற்குத்தான் அழுதேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரே நாளில் ஏறியிருப்போம். முதலில் நான் உனக்காகக் கையை விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். பைத்தியக்காரி. நான் உனக்கு வாயாக இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு தடவைகூட என்னை நீ உபயோகிக்கவில்லை.

வருகிறேன். இருபத்தாறாம் தேதி யோர்பெக் ஜீப்பில் காலையில் வந்து இறங்குவேன். அந்தச் சொல்லைச் சொல்வேன். பொய்யாகச் சொல்லமாட்டேன். பத்தொன்பது வருஷமாக உன்னிடம் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல்தான், அது போன வாரம் தபாலில் வந்தது. கிடைத்தது என்று சொன்னால், என்ன கிடைத்தது என்று நைரங் கேட்பதாக வழக்கம் இல்லையே. எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே.

நிபந்தனைகள்: அழக்கூடாது. எனக்கென்று சமைக்கக்கூடாது. மாலை நான்கு மணிக்கு அதே ஜீப்பில் திரும்பிவிடுவேன்.

நிகோரிடம் சொல், அவள் பார்சல் இல்லை. அவளை நான் கேட்டேன், நீ சுமந்தாய். இரண்டு பேர் விரும்பிக் கேட்ட பிள்ளைகள் ஊரில் அதிகம் இல்லை. கூப்பிட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்க்கச் சொல். நான் அப்படித்தான் கேட்டேன்.

இருபத்தாறாம் தேதி நான்கு மணி வரைக்கும் மட்டும்,
உன் வாய்,
சவ்சன்


பஸ்கர்
7 ஜூன் 2009

என் வாயான சவ்சனுக்கு,

நீ வந்து போனதிலிருந்து இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. உன் கையில் கொடுத்ததாக யோர்பெக் மாட்டின் மேல் சத்தியம் செய்கிறான். "படிச்சுட்டு சிரிச்சாங்கக்கா" என்று வேறு சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நிகோரும் ஓயிமோவும் நன்றாக இருக்கிறார்கள். சேர்ந்த மூன்றாவது நாளே, ஓயிமோவின் அக்கா கல்யாணத்தன்று மழை வரக்கூடாது என்று நிகோர் போய்க் கையை விட்டாள். மழை வந்தது. அடுத்த வீட்டோடு நின்றுவிட்டது என்று இரண்டும் சாதிக்கின்றன.

நீ செய்ததற்கு வருகிறேன். நிபந்தனைப்படி நான் அழவில்லை. சமைத்தேன், பானையைப் போர்வைக்குள் ஒளித்துவைத்தேன், உனக்கு வாசனை தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டாய். இருக்கட்டும். அந்த ஒரே நீளச் சட்டையோடு ஏறினாய். ஊரே பார்த்தது. கையை விட்டாய். "கிடைத்தது" என்றாய். கீழே நிகோர் அழுதாள், அவளுக்கு நிபந்தனை இல்லையே. எல்லாம் முடிந்தது, கையை எடுப்பாய் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ எடுக்கவில்லை.

"தவ்லத்மோ" என்றாய். ஓடைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. மறுபடியும் "தவ்லத்மோ." மூன்றாவது தடவை நீ கத்தியதில் பிரிகேட் தலைவர் வீட்டு நாய் குரைத்தது. யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்துவிடக்கூடாது என்று கத்தினாய், எனக்குத் தெரியும். குத்தத்தான் கத்தினாய். அதற்குப் பிறகு பாறையோடு உதட்டை வைத்து ஏதோ முணுமுணுத்தாய், ரொம்ப நேரம்.

கதம்ஷோவுக்கு இன்னும் ஆறவில்லை. "யாருக்காகவோ அவளுக்கே சொல்லாம ஒரு வேண்டுதலா? இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. அவன் அதைக் கொடுத்தா இவ எதைக் கிடைச்சதுன்னு சொல்லுவா?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புலம்புகிறார். ஜீப்பில் ஏறும்போது உன் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னடி கேட்ட?" என்றேன். "கிடைக்கும்போது தெரியும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாய்.

தெரியவில்லை, சவ்சன். அன்றிலிருந்து எனக்கு இதே வேலை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதுவா? நீ முழங்காலுக்கா அவ்வளவு நேரம் பேசியிருப்பாய் என்றும் தோன்றுகிறது. மாடு கிடாரிக் கன்று போட்டது, அதுவா? ஷோதி இலையுதிர் காலத்தில் வந்து இங்கேயே இருந்துவிடப் போவதாகக் கோரோக்குக்குப் போன் பண்ணிச் சொல்லியனுப்பினார், அதுவா? இல்லை, அது கெட்டதா நல்லதா என்றே எனக்கு முடிவாகவில்லை. நேற்று நிகோர் அடுப்பங்கரையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சும்மா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்து "என்னம்மா" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அதுவா?

இப்படி நல்லதாக எது நடந்தாலும் உடனே உன் முகம்தான் வருகிறது. நீ நினைத்தது இதுதான் என்றால், அழகான தண்டனை கொடுத்திருக்கிறாய், நன்றாக இரு.

இன்று காலை பொறுக்க முடியாமல் பாறைக்கு ஏறிப் போனேன். கையை விட்டு "கிடைத்தது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கதம்ஷோ ஓடி வந்து, "என்னம்மா கிடைச்சது?" என்றார். தெரியாது, ஆனால் ஏதோ கிடைத்திருக்கிறது என்றேன். செல்லுமா செல்லாதா என்று அவருக்கும் தெரியவில்லை, தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார்.

மல்பெரி பழுத்துவிட்டது. நீ பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

பொய். பதில் போடு.

உன் வாய்,
தவ்லத்மோ